குலதெய்வம் தெரியவில்லை, பிள்ளைக்கு முதல் முடி எங்கே இறக்குவது?

கேள்வி, 12.01.2025

பையனுக்குப் பதினோரு மாசம் ஆகிறது. முதல் முடி இறக்கணும். எங்கள் குலதெய்வம் எது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தாத்தா 1964-ல் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து சென்னைக்கு வந்தவர். அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் போகவே இல்லை. அப்பாவும் தவறிவிட்டார். மனைவி வீட்டில் தினமும் கேட்கிறார்கள். ஒருவர் சோழி போட்டுப் பார்த்துச் சொல்ல 12,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? இல்லை, பேசாமல் திருப்பதியிலேயே எடுத்துவிடலாமா?

12.01.2025, இரவு

கொடுக்காதீங்க தம்பி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

நாங்கள் கொடுத்தோம். 2001-ல். மாமனார் இறந்த மறுவருஷம், வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று கஷ்டம். யாரோ சொல்லி ஒருவரிடம் போனோம். சோழியை உருட்டினார், கொஞ்ச நேரம் கண்ணை மூடினார், "உங்க சாமி பொம்பளை சாமி, வடக்கு பாத்த காளி, பூசை இல்லாம கோவமா இருக்கா" என்றார். கோயிலையும் அவரே காட்டினார். மூன்று வருஷம் அங்கே போய்ப் பொங்கல் வைத்தோம். மூன்றாவது வருஷம் பானையை இறக்கும்போது அங்கிருந்த பூசாரி, நல்ல வயசானவர், என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "தாயி, நீங்க எந்த வகையறா? இந்தக் கோயிலுக்கு நாலு வகையறாதான். நாலு பேரையும் எனக்குத் தெரியும்."

எனக்குப் பதில் இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, திருநீறு கொடுத்துத்தான் அனுப்பினார். ஆனால் ரயிலில் வரும் வழியெல்லாம், அழைக்காத கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த மாதிரி இருந்தது.

சோழி ஒரு பெயரைத் தரலாம், ஆட்களைத் தராது. உங்கள் தாத்தா ஊரில் சொக்காரங்க யாராவது கட்டாயம் இருப்பார்கள். (மற்ற ஊர்க்காரர்கள் பங்காளி என்பதை நாங்கள் சொக்காரன் என்போம். ஒரே வழியில் வந்த சொக்காரங்க எல்லாம் சேர்ந்தது ஒரு வகையறா.) அவர்களைத் தேடுங்கள், போதும்.

13.01.2025

போகிக்கு வீடு ஒதுக்குகிற நேரத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் இதைப் படித்துவிட்டு, "குலதெய்வம் என்பது பிள்ளையார், முருகன் மாதிரி இன்னொரு சாமியா" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நம் வீடுகளில் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை.

ஊருக்குப் பொதுவாகச் சிவன் கோயிலோ பெருமாள் கோயிலோ இருக்கும். ஊர் எல்லையைக் காக்க ஓர் அம்மன் இருப்பாள். மனசுக்குப் பிடித்த சாமி இஷ்டதெய்வம். அதை நாமே வைத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். குலதெய்வத்தை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. அப்பாவைத் தேர்ந்தெடுக்க முடியாத மாதிரிதான். அப்பா, அவர் அப்பா என்று அந்த வழியில் வருவது. பிள்ளையின் முதல் முடி அங்கேதான் விழணும். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தால் முதல் பத்திரிகை அங்கேதான் போகணும். காது குத்துவதும் அங்கே. அதில் ஓர் அழகு உண்டு: இடம் அப்பா வழிச் சாமியின் வாசல், பிள்ளை உட்காருவது தாய்மாமன் மடியில். இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் அந்தப் பிள்ளைக்குக் காது குத்த முடியும்.

இந்தக் கோயில்களில் பெரிய கோபுரத்தைத் தேடாதீர்கள். ஒரு மண்பீடம் இருக்கலாம், ஒரு வேல், ஒரு கல், ஒரு மரம் இருக்கலாம். சில இடங்களில் சிலையே கிடையாது, ஒரு பெட்டிதான் சாமி. பூசை செய்கிறவர் வேளாராக இருப்பார், பண்டாரமாக இருப்பார், சில இடங்களில் அதே வகையறாவில் ஒருத்தராகவே இருப்பார்.

ஒரே வகையறா, ஒரே குலதெய்வம் என்றால் அண்ணன் தங்கச்சி முறை, பெண் கொடுத்து எடுக்கக் கூடாது. வரன் பார்க்கும்போது ஜாதகத்துக்கு முன்னாலேயே "உங்களுக்கு எந்தக் கோயில்" என்று கேட்பது இதற்காகத்தான்.

பெண்களுக்கு மட்டும் இது பாதியில் மாறும். நான் பிறந்த வீட்டில் இசக்கியம்மன். 1994-ல் தாலி ஏறியதும் "இனி உனக்கு உன் மாப்பிள்ளை வீட்டுச் சாமிதான்" என்று என் ஆச்சியே சொன்னாள். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் சாமி எதுவென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கேட்டால் "எங்களுக்குத் திருச்செந்தூர்தான்" என்றார்கள். இருந்த சாமியை விட்டுவிட்டேன், புதுச் சாமி வந்து சேரவில்லை. பதினோரு வருஷம் அப்படிப் போனது. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதறிப் பதில் எழுதியது அதனால்தான்.

15.01.2025

சொக்காரங்களை எங்கே போய்த் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். ஊர் பெயர் கூடச் சரியாகத் தெரியாதபோது போய் யாரைக் கேட்பது? அப்படியானால் வீட்டுக்குள்ளேயே துழாவுங்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளின் தலைப்பைப் பாருங்கள். பிள்ளையார் சுழிக்குக் கீழே "இன்னார் துணை" என்று இருக்கும். தாத்தா கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கும். பழைய பத்திரங்களில் கிராமத்தின் பெயர் கட்டாயம் இருக்கும்.

அடுத்து, பெயர்கள். கொள்ளுத்தாத்தா, அவர் தம்பி, பெரிய ஆச்சி என்று ஒருத்தர் விடாமல் பெயர்களை எழுதுங்கள். எங்கள் பக்கம் சுடலைமுத்து, பேச்சிமுத்து, இசக்கிமுத்து, மாடசாமி, பூதத்தான், சொரிமுத்து என்ற பெயர்கள் எல்லாம் ஏதோ ஒரு கோயில் வாசலில் வேண்டிக்கொண்டு வைத்தவை. உசிலம்பட்டிப் பக்கம் ஒச்சு என்று பெயர் இருந்தால் பாப்பாபட்டி ஒச்சாண்டம்மனை நினைப்பார்கள், விருமாண்டி என்றால் கருமாத்தூரை. ஒரே பெயர் மூன்று தலைமுறையில் திரும்பத் திரும்ப வந்தால் விடாதீர்கள்.

மூன்றாவது, மாதம். எந்த மாதத்தில் வீட்டில் காரணம் தெரியாமல் ஒரு காரியம் நடக்கிறது?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மாமியாரின் பூசை அலமாரியில், மேல் தட்டில், படங்களுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருக்கும். கைக்குள் அடங்குகிற அளவுதான். துணி பல தடவை மஞ்சளில் நனைத்துக் காய்ந்து தோல் மாதிரி விறைத்திருக்கும். ஒவ்வொரு பங்குனியிலும் ஒரு நாள் குளித்துவிட்டு வந்து, முடிச்சை அவிழ்த்து, ஒரு ரூபாய்க் காசைப் போட்டு, மறுபடி முடிந்து வைப்பார்கள். உள்ளே நாலணா, எட்டணா எல்லாம் கிடந்தது. ஒரு தடவை எட்டிப் பார்த்தேன், அடியில் ஓட்டைக் காலணா கூட இருந்தது. "எதுக்கு அத்தை இது?" என்று கேட்டேன். "எங்க மாமியா போட்டாக, நானும் போடுதேன்" என்றார்கள், அவ்வளவுதான்.

பத்து வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், புரியவில்லை. அந்தப் பூசாரி கேட்டாரே, "எந்த வகையறா" என்று, அதற்குப் பிறகுதான் உறைத்தது. பங்குனியில் ஏன்? எங்கள் பக்கம் பங்குனி என்றால் உத்திரம், உத்திரம் என்றால் சாஸ்தா, அய்யனார் என்பார்களே, அவர். உத்திரம்தான் சாஸ்தாவின் நட்சத்திரம். நெல்லை, தூத்துக்குடிச் சீமையில் அன்றைக்கு வெளியூர்க்காரர்கள் எல்லாரும் அவரவர் சாஸ்தா கோயிலில்தான் இருப்பார்கள். எந்தச் சாமி என்பதை மறந்துபோன வீட்டில் எந்த மாதம் என்பது மட்டும் ஒரு துணி முடிச்சில் தங்கியிருந்தது.

உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், பங்குனியில் ஏதாவது செய்வார்களா என்று.

16.01.2025

மேலே பங்குனி என்று எழுதியது எங்கள் சீமைக்கு மட்டும். மதுரை, தேனி, இராமநாதபுரம் பக்கத்தில் மாசி மகாசிவராத்திரிதான் குலதெய்வ நாள். கொங்கில் குலத்துக்கு ஒரு காணிக் கோயில், அங்கே முறையே வேறு. நகரத்தார் வீடுகளில் இந்தக் கேள்வியே எழாது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்கள், ஒவ்வொரு குடும்பமும் அதில் ஒன்றைச் சேர்ந்தது. கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வரும், கல்யாணம் ஆனதும் புதுப் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, கோயிலில் பதிவாகிவிடும். பதிவு இருந்தால் கடல் தாண்டிப் போனாலும் தொலைவதில்லை. எங்களைப் போன்ற வீடுகளுக்கு அந்த ஏற்பாடு கிடையாது, யாராவது ஒருத்தர் ஞாபகத்தில்தான் எல்லாம்.

21.01.2025

முதல் நாள் எழுதியதைத் திருத்த வேண்டும். "சொக்காரங்களைத் தேடுங்கள், போதும்" என்று எழுதிவிட்டேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், எனக்கும் வாயில் அதுதான் வந்தது. யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் சொக்காரங்களால் ஒன்றும் நடக்கவில்லை.

மாமனார் 1961-ல் பெரம்பூரில் ரயில்வே வேலைக்கு வந்தவர். வயல் பாகம் பிரித்ததில் அவருக்கும் அவர் அண்ணனுக்கும் பேச்சு நின்று போனது. 2005-ல் என் வீட்டுக்காரர் பெரியப்பா மகனுக்குப் போன் பண்ணினார். அவர் கோயிலைப் பற்றிப் பேசாமல் வயலைப் பற்றியே பேசினார். நாங்கள் பங்கு கேட்டு வருகிறோம் என்று நினைத்திருக்கிறார். இன்னொரு சொக்காரர் "வாங்க, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பிறகு போனையே எடுக்கவில்லை.

அப்புறம்தான் எனக்கு அத்தை ஞாபகம் வந்தது. மாமனாரின் அக்கா. தூத்துக்குடியில் மகன் வீட்டில் இருந்தார்கள், எண்பது வயசு. பதினாறு வயசில் கட்டிக் கொடுத்து வேறு வீட்டுக்குப் போனவர். கணக்குப்படி அவருக்கும் அந்தக் கோயிலுக்கும் சம்பந்தமே கிடையாது, அதனால் யாருக்கும் அவரைக் கேட்கத் தோன்றவில்லை.

நாங்கள் போனபோது திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "அத்தே, நம்ம குலதெய்வம் எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். கை நிற்கவில்லை. "பூதத்தார் கோயில்லா. குளத்துக் கரையில, மருத மரத்தடியில. உங்க அப்பனுக்கு அங்கதான மொட்டை எடுத்தோம், நான்தான இடுப்புல தூக்கிட்டுப் போனேன்" என்றார்கள். நாங்கள் ரெண்டு பேரும் பேச்சில்லாமல் நின்றோம். "ஏன் அத்தே இவ்வளவு நாளா சொல்லல?" என்றதற்கு நிமிர்ந்து பார்த்தார்கள். "எங்கிட்ட யாருல கேட்டா?"

அதற்குப் பிறகு மழை மாதிரி கொட்டினார்கள். மாட்டு வண்டியில் போனது, முந்தின நாளே போய்ப் புளிய மரத்தடியில் படுத்தது, எந்தப் பக்கம் பொங்கல் வைப்பது, எந்தப் பீடத்துக்குச் சுருட்டு, எந்தப் பீடத்துக்குச் சேலை, எல்லாம்.

ஆகவே தம்பி, உங்கள் அப்பாவின் அக்கா தங்கச்சி, தாத்தாவின் அக்கா தங்கச்சி யாராவது இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அவர்கள் இல்லையென்றால் அவர்கள் பெண்மக்களைக் கேளுங்கள். வீட்டை விட்டுப் போன பெண்கள் அந்த வீட்டைப் பத்திரமாக ஞாபகம் வைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான். என் இசக்கியம்மன் கோயிலில் எத்தனை படி, எந்தப் படி உடைந்திருந்தது என்று இப்போதும் சொல்வேன். என் தம்பி மகனுக்கு அது தெரியாது.

02.02.2025

"வேதத்தில் குலதெய்வம் உண்டா, இதெல்லாம் உண்மையான இந்து மதமா" என்று ஒருவர் சற்றுக் கோபமாகவே எழுதியிருக்கிறார். எனக்கு வேதம் தெரியாது, அதனால் அதில் இறங்க மாட்டேன். திருப்பதி வெங்கடாசலபதியையே குலதெய்வமாகக் கொண்ட வீடுகளும் உண்டு, வைத்தீஸ்வரன்கோயிலைச் சொல்கிறவர்களும் உண்டு. அங்கே வேத மந்திரம் இருக்கிறது. எங்கள் கோயிலில் வில்லுப்பாட்டு இருக்கிறது. இரண்டு இடத்திலும் பிள்ளையின் தலையில் சந்தனம் தடவும் தாயின் முகத்தைப் பார்த்திருக்கிறேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இன்னொன்று. இந்தச் சாமிகளில் பலர் மனுஷராகப் பிறந்து, நடுவில் செத்துப்போனவர்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு, பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள், ஆடி அமாவாசைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே பட்டவராயன் சன்னதியில் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவார்கள். முத்துப்பட்டன் என்ற பிராமணப் பையன், செருப்புத் தைக்கும் குலத்தில் பிறந்த பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கச்சியைக் கட்டிக்கொண்டு, அவர்கள் தகப்பனாரின் மாடுகளைக் காக்கப் போய் உயிரை விட்டான். வில்லுப்பாட்டில் அந்தக் கதை வரும்போது கூட்டம் விசும்பும். சின்ன வயசில் முதல் தடவை கேட்டுவிட்டு, செருப்பைக் கோயிலுக்கு வெளியே விடும் ஜனங்கள் இங்கே சாமிக்கே செருப்பு வாங்கிக் கொடுக்கிறார்களே என்று அம்மாவிடம் கேட்டேன். "அவரு அவுங்க வீட்டு மாப்பிள்ளைடி, வேற என்ன கொடுக்க" என்றாள்.

வீட்டுக் கன்னியும் அப்படித்தான். கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்பிள்ளைக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பாவாடை சட்டை வைத்துக் கும்பிட்டு, ஓலைப் பெட்டியில் மடித்து வைப்பார்கள். என் பிறந்த வீட்டில் உண்டு. அம்மைபோட்டுச் செத்த ஒரு எட்டு வயசுப் பிள்ளை அவள். ஒவ்வொரு வருஷமும் எட்டு வயசுக்கு அளவான பாவாடைதான் எடுப்போம். வேதத்தில் அவள் பெயர் இருக்காது. எங்கள் வீட்டில் இருக்கிறது.

27.02.2025

நேற்று சிவராத்திரி. உசிலம்பட்டிக்காரர் ஒருவர் பெட்டி எடுப்பைப் பற்றி எழுதியிருந்தது மிக நன்றாக இருந்தது. பாப்பாபட்டி வரை பெட்டியைச் சுமந்து போகும் கூட்டத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

அதன் கீழே கிடாவெட்டு பற்றிய சண்டை நீளமாகப் போய்விட்டது. நான் நினைப்பதைச் சொல்கிறேன். நான் கறி சாப்பிடாதவள். 2005 உத்திரத்துக்கு முதல் தடவை எங்கள் கோயிலுக்குப் போனபோது இதை நினைத்துத்தான் பயந்தேன். அங்கே பார்த்தது இது: சாஸ்தாவுக்குச் சர்க்கரைப் பொங்கல்தான், அவர் சைவம். கிடா மாடனுக்கும் பூதத்தாருக்கும். வெட்டுகிற நேரம் வந்ததும் சாஸ்தா சன்னதியில் திரையைப் போட்டுவிட்டார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம், சாஸ்தா பக்கமாக நின்றுகொண்டேன். என்னை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆடு கோழி பலியைத் தடுக்கும் சட்டம் 1950-லிருந்தே இருந்தது. 2003-ல் அரசு அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது, 2004-ல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அந்தத் தடை வருஷத்தில் எங்கள் கோயிலில் பூசணிக்காயை வெட்டினார்களாம். ஆனால் அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை, சமைக்காமலேயே கலைந்து போனார்கள் என்று சொன்னார்கள். அதைக் கேட்டபின் என் மனசு கொஞ்சம் மாறியது. உயிரை வெட்டுவது எனக்கு இன்றைக்கும் கஷ்டம்தான். ஆனால் அந்தக் கறியை வகையறாவில் அத்தனை வீட்டுக்கும் சமமாகக் கூறு போடுகிறார்கள், பணக்காரன் கூறும் கூலிக்காரன் கூறும் ஒரே அளவு. அந்தக் கூறு வைக்கிற இலைகளைத் தாண்டி நடக்கும்போது வெறுமனே "தப்பு" என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை.

09.03.2025

தம்பி, நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் அப்பாவின் தங்கச்சி கல்யாணப் பத்திரிகை, 1971. தலைப்பில் "ஸ்ரீ தளவாய்மாடன் துணை" என்று தெளிவாகவே இருக்கிறது. ஊர்ப் பெயரும் இருக்கிறது. இதுக்கு மேல் என்ன வேண்டும்!

ஆனால் "அந்த ஊரில் தளவாய்மாடன் கோயிலே இல்லை என்கிறார்கள்" என்று சோர்ந்துபோய் எழுதியிருக்கிறீர்கள். நான் முன்பே எச்சரித்திருக்க வேண்டும். எங்களுக்கும் இதே குழப்பம் வந்தது. அத்தை "பூதத்தார் கோயில்" என்றார்கள். அந்த ஊரில் போய்ப் பூதத்தார் கோயில் எங்கே என்றால் எல்லாரும் கையை விரித்தார்கள். கடைசியில் டீக்கடையில் ஒரு பெரியவர், "சாஸ்தா கோயில்ல பூதத்தார் பீடம் உண்டே, அதையா கேக்கீக" என்றார்.

விஷயம் இதுதான். நடுவில் பூர்ணை, புஷ்கலையோடு சாஸ்தா இருப்பார். அவரைச் சுற்றிப் பேச்சியம்மன், சுடலை, தளவாய்மாடன், சங்கிலி பூதத்தார், கருப்பசாமி என்று வரிசையாகக் காவல் தெய்வங்கள். கோயில் ஒன்றுதான், ஆனால் ஒரு வீட்டுக்காரர் சாஸ்தாவைச் சொல்வார், இன்னொரு வீட்டுக்காரர் தங்களுக்கு வாக்குக் கொடுத்த மாடனைச் சொல்வார். ஒரே வளாகத்தைப் பற்றி மூன்று பெயர் வரும். ஆகவே தளவாய்மாடன் *கோயிலை* விசாரிக்காதீர்கள். சுற்று வட்டாரத்தில் எந்தச் சாஸ்தா கோயிலில் தளவாய்மாடன் *பீடம்* இருக்கிறது என்று கேளுங்கள். குளத்தங்கரைகளைப் பாருங்கள். சாஸ்தாவைக் குளத்துக் கரைக்குக் காவலாகத்தான் வைப்பார்கள்.

இரண்டு மூன்று இடம் அகப்பட்டால் எதை எடுப்பது என்பீர்கள். வரி நோட்டைப் பாருங்கள். அதைத் தனியாக எழுத வேண்டும்.

24.03.2025

வரி நோட்டு.

கோயில் கொடைத் திருவிழாவுக்கும் உத்திரத்துக்கும் தலைக்கட்டுக்கு (குடும்பத்துக்கு) இவ்வளவு என்று வரி போடுவார்கள். அதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். ஆண் தலைக்கட்டுகளின் பெயர் மட்டும்தான் அதில் ஏறும். பெயர் இருந்தால் நீங்கள் அந்தக் கோயில் பிள்ளை.

2005-ல் கோயில் நிர்வாகி வீட்டுக்குப் போனோம். மாமனார் பெயரைச் சொன்னதும் அவர் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். ஒன்றின்மேல் ஒன்றாக நீள நோட்டுகள், ஓரமெல்லாம் கரையான் அரித்து வளைவு வளைவாக இருந்தது. 1961-ஐத் தேடி எடுத்தார். நீல மையில் மாமனார் பெயர், வரி இரண்டு ரூபாய், பக்கத்தில் சின்னதாக "மெட்ராஸ்". சரி, ஊரை விட்டுப் போனதும் பெயர் நின்றிருக்கும் என்று நினைத்தேன். அவர் அடுத்த நோட்டைத் திருப்பினார். 1962-லும் பெயர் இருந்தது, வரி வரவு வைக்கப்பட்டிருந்தது. 1963-லும். ஒவ்வொரு வருஷமும். கடைசிக் கட்டத்தில் இரண்டே வார்த்தை: "அக்கா மூலம்".

அவர் பக்கம் புரட்டப் புரட்ட என் வீட்டுக்காரர் விரலை வைத்துக்கொண்டே வந்தார். அக்கா மூலம், அக்கா மூலம், அக்கா மூலம். 1990 வரைக்கும். அந்த வருஷம்தான் அத்தையின் வீட்டுக்காரர் இறந்து, அத்தை தூத்துக்குடிக்குப் போனது. தன் பெயர் ஏற முடியாத நோட்டில், தம்பி பெயர் விட்டுப்போகக் கூடாது என்று, சொந்தத் தம்பிக்கே தெரியாமல் அத்தனை வருஷம் வரி கட்டியிருக்கிறார்கள். எங்களிடம் கோயிலைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார்கள், இதை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மீதி பதினைந்து வருஷப் பாக்கியையும் கட்டுகிறோம் என்றார் என் வீட்டுக்காரர். நிர்வாகி நோட்டை மூடிவிட்டு, "பாக்கியெல்லாம் கேக்கல. இந்த வருஷத்துக்குக் குடுங்க" என்றார்.

திரும்பி வரும் வழியில் தூத்துக்குடிக்குப் போய் அத்தைக்கு மஞ்சணை கொடுத்தோம். வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு, மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டார்கள். நோட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "பேரு இல்லேன்னா சாமிக்கு எப்படித் தெரியும், இவன் இருக்கான்னு" என்றார்கள். 2011-ல் இறந்தார்கள்.

ஊருக்குக் கிளம்புமுன் தாத்தா பெயர், அவர் அப்பா பெயர் இரண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. உத்திரம் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. முந்தின நாளே போய்விடுங்கள், அன்றைக்குப் பஸ்ஸில் இடம் கிடைக்காது. பொங்கப் பானை, பச்சரிசி, வெல்லம், கதம்பம், எண்ணெய் போதும். குழந்தைக்குத் தொப்பி ஒன்று, பங்குனி வெயில் மொட்டைத் தலையில் தாங்காது. உங்கள் அத்தையையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா பாருங்கள்.

13.04.2025

நேற்றுத்தான் ஊரிலிருந்து வந்தோம். வந்ததும் முதலில் இந்தப் பக்கத்தைத்தான் திறந்தேன். படம் பார்த்தேன். பிள்ளை அழுது முடித்துச் சந்தனத்தை நக்கிக்கொண்டிருக்கிறான்! பின்னால் நிற்கிற வயசான அம்மாதான் அத்தை என்று நினைக்கிறேன். அவர்கள் முகத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன்.

மூன்றாவது குளத்தங்கரையில் கிடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு இடத்திலும் "உங்க ஆளுக இங்க இல்ல" என்று அவர்களே சொல்லிவிட்டது நல்லது. எங்களுக்கு அதைச் சொல்ல மூன்று வருஷம் ஆனது.

எங்கள் கோயிலில் இந்த வருஷம் நல்ல கூட்டம். மருத மரத்தில் ஒரு கிளை போன புயலில் போய்விட்டது, மற்றபடி அப்படியே. என் மகளும் வந்தாள். 2023-ல் கல்யாணம் ஆனவள், கணக்குப்படி அவளுக்கு இப்போது வேறு சாமி. நாலு பீடத்துக்கும் எதெது படைக்கணும் என்று அவளை விட்டே வைக்கச் சொன்னேன். ஒன்றை மாற்றி வைத்தாள், திருத்தினேன். ஊருக்கு எந்தப் பஸ், எங்கே இறங்கணும், யார் வீட்டில் சாவி இருக்கும் என்பதையெல்லாம் அவள் போனில் எழுத வைத்தேன். மகனும் எழுதிக்கொண்டான், ஆனால் எனக்கு அவளிடம் இருந்தால்தான் தூக்கம் வரும்.

மாமியாரின் மஞ்சள் முடிச்சு அலமாரியில்தான் இருக்கிறது. கோயில் தெரிந்த பிறகு காசை உண்டியலில் போட்டுவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் பங்குனிக்கும் ஒரு காசு போட்டேன்.

தம்பி, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று: வரி நோட்டில் தாத்தா பெயர் இருந்ததா? இருந்திருந்தால் அடியில் உங்கள் பெயரை ஏற்றச் சொன்னீர்களா? இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்றால் கிளம்புமுன் ஒரு தடவை நிர்வாகி வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கடைசிக் கட்டத்தையும் பாருங்கள்.